ஐ.பி. முகவரி காட்டுவது வீட்டையா, ஆளையா?

புது தில்லி: 2008-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி மாலை, ஆமதாபாதில் குண்டுகள் வெடிக்கத் தொடங்குவதற்குச் சில நிமிடங்கள் முன்னதாக, செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்து சேர்ந்தது. நடக்கவிருந்த தாக்குதலுக்குப் பொறுப்பேற்கும் மின்னஞ்சல் அது. அன்று மாலை அந்நகரில் அடுத்தடுத்து வெடித்த குண்டுகளுக்கு 50-க்கும் மேற்பட்டோர் பலியாயினர்.

மின்னஞ்சல் எங்கிருந்து அனுப்பப்பட்டது என்று ஆராய்ந்த மகாராஷ்டிரக் காவல்துறையின் பயங்கரவாதத் தடுப்புப் படையினருக்கு ஓர் ஐ.பி. முகவரி கிடைத்தது. அந்த முகவரி அவர்களை நவி மும்பையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அழைத்துச் சென்றது. அங்கே குடியிருந்தவர் ஓர் அமெரிக்கர். அவரது கணினிகள் ஆய்வுக்கு எடுத்துச் செல்லப்பட்டன. அவரிடம் விசாரணை நடந்தது. அவரது பெயரும் படமும் நாடெங்கும் பத்திரிகைகளில் வெளிவந்தன. இறுதியில் தெரிய வந்தது இதுதான்: அவர் வீட்டு வை-ஃபைக்குக் கடவுச்சொல் போடப்படவில்லை. வெளியிலிருந்து யாரோ அந்த இணைப்பில் நுழைந்து மின்னஞ்சலை அனுப்பிவிட்டுப் போய்விட்டனர்.

அடுத்த மாதம் வந்த மிரட்டல் மின்னஞ்சல் மும்பை மாதுங்காவில் உள்ள ஒரு கல்லூரியின் வை-ஃபையிலிருந்தும், செப்டம்பர் 13 தில்லி குண்டுவெடிப்பின்போது வந்த மின்னஞ்சல் செம்பூரில் உள்ள ஒரு நிறுவனத்தின் வை-ஃபையிலிருந்தும் அனுப்பப்பட்டன. மூன்று சம்பவங்களிலும் ஐ.பி. முகவரி சரியான கட்டடத்தையே காட்டியது. மூன்றிலும் அந்தக் கட்டடத்துக்கு உரியவர்களுக்கும் குற்றத்துக்கும் தொடர்பில்லை.

ஐ.பி. முகவரி, ரவுட்டர், மேக் எண், டி.என்.எஸ்., வி.பி.என். முதலிய சொற்கள் அதன் பிறகு நாடாளுமன்றக் கேள்வி நேரத்திலும் நிலைக்குழு அறிக்கைகளிலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் இடைவிடாமல் வந்துகொண்டிருக்கின்றன. செய்தியாளர் மாடத்தில் அமர்ந்து குறிப்பெடுக்கும் எங்களில் பலருக்கே அவை நெடுநாள் விளங்கியதில்லை. கீழே அமர்ந்திருக்கும் உறுப்பினர்களில் எத்தனை பேருக்கு விளங்கியது என்று கேட்பது மரியாதையாகாது. ஆனால், இச்சொற்களைக் கொண்டுதான் இன்று ஒருவர் வீட்டுக் கதவு தட்டப்படுகிறது, ஒரு மாநிலத்தின் இணையம் நிறுத்தப்படுகிறது, சட்டம் இயற்றப்படுகிறது. இவற்றைப் பொறியாளர்களின் சமாசாரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

கடைசி முப்பது அடி

வை-ஃபை என்பதிலிருந்தே தொடங்கலாம். 'வயர்லெஸ் ஃபிடிலிட்டி' என்பதன் சுருக்கமே வை-ஃபை என்று நம்மிடையே பரவலாக நம்பப்படுகிறது. உண்மையில் அது எதன் சுருக்கமும் அன்று. '802.11' என்ற எண்ணைப் பெயராகக் கொண்ட தொழில்நுட்பத் தரம் 1997-இல் வெளியானது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு சந்தையில் பொருள் விற்க முடியாது என்பதால், 1999-இல் ஒரு விளம்பர ஆலோசனை நிறுவனத்தைக் கொண்டு சூட்டப்பட்ட வணிகப் பெயர்தான் வை-ஃபை. பெயரை வாங்கிய கூட்டமைப்பே பின்னர் சிறிது காலம் அந்த விரிவாக்கத்தை விளம்பர வாசகத்தில் பயன்படுத்தியதால் குழப்பம் நிலைத்துவிட்டது.

வை-ஃபை வேறு, இணையம் வேறு. இணையம் நம் வீடு வரை வருவது பெரும்பாலும் கண்ணாடி இழைக் கம்பி வழியாக. அந்தக் கம்பி வந்து முடியும் இடத்தில் சுவரில் மாட்டியிருக்கும் பெட்டிதான் ரவுட்டர். அந்தப் பெட்டிக்கும் நம் கைபேசிக்கும் இடையிலான கடைசி முப்பது, நாற்பது அடி தூரத்தில் மட்டுமே கம்பிக்குப் பதிலாக வானொலி அலை வேலை செய்கிறது. அதுவே வை-ஃபை. 'வை-ஃபை முழுதாகக் காட்டுகிறது, ஆனால் எதுவும் திறக்கவில்லை' என்று வீட்டில் எழும் புகாரின் பொருள், பெட்டி வரை பாதை சரியாக இருக்கிறது, பெட்டிக்கு அப்பால் அறுந்திருக்கிறது என்பதே.

இந்த வானொலி அலைக்கு ஓர் அரசியல் வரலாறு உண்டு. அலைக்கற்றை என்ற சொல்லைத் தமிழகத்தில் தேநீர்க் கடை வரை கொண்டு சேர்த்தது 2ஜி விவகாரம். ஏலம், உரிமம், முதலில் வந்தவருக்கு முன்னுரிமை, 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த 122 உரிமங்கள், 2017 டிசம்பரில் தில்லி சிறப்பு நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது என எல்லாமே விலை வைக்கப்பட்ட அலைக்கற்றையைப் பற்றியவை. விலையே இல்லாத அலைக்கற்றையும் உண்டு என்பது அந்தக் கூச்சலில் யார் காதிலும் விழவில்லை.

1933-ஆம் ஆண்டு இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின்படி, உரிமமின்றி வானொலி அலைக் கருவி ஒன்றை வைத்திருப்பதே குற்றம். அந்தக் கணக்கில், விதிவிலக்கு அளிக்கப்படாவிடில் வை-ஃபை ரவுட்டர் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் குற்றவாளியே. 2005 ஜனவரியில், தயாநிதி மாறன் தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்தபோது, 2.4 கிகாஹெர்ட்ஸ் முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் குறைந்த திறன் கொண்ட கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று விதிகள் அறிவிக்கப்பட்டன. வை-ஃபை நம் வீடுகளுக்குள் தடையின்றி வந்ததற்கு அடித்தளமான அறிவிப்புகளில் அது முக்கியமானது. அப்போது அது முதல் பக்கச் செய்தியாகவில்லை.

இலவசத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. உரிமமில்லா அலைவரிசையில் ஒருவருக்கு இன்னொருவரால் இடையூறு ஏற்பட்டால் அரசிடம் பாதுகாப்புக் கேட்க முடியாது. பக்கத்து வீட்டு ரவுட்டர், புளூடூத் கருவிகள், சமையலறை மைக்ரோவேவ் அடுப்பு எல்லாமே அந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே இயங்குகின்றன. தில்லியில் என் குடியிருப்பில் கைபேசியைத் திறந்தால் அண்டை அயலாரின் வை-ஃபை பெயர்கள் இருபதுக்குக் குறையாமல் வரிசையில் நிற்கும். இந்த நெரிசலைத் தணிக்கவே 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு உரிமத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. ஆனால் சுவரைத் தாண்டுவதில் சோம்பேறி. 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது. சுவரைத் தாண்டிப் போகும். இரண்டும் ஒரே பெட்டியில் இருப்பதன் காரணம் இதுவே.

அடுத்த போட்டி 6 கிகாஹெர்ட்ஸ் பகுதிக்கு. செல்பேசி நிறுவனங்கள் அதை ஏலத்தில் விடச் சொல்கின்றன. கணினி, இணைய நிறுவனங்கள் வை-ஃபைக்குத் திறந்துவிடச் சொல்கின்றன. அதன் கீழ்ப் பகுதியான 500 மெகாஹெர்ட்ஸுக்கு விலக்கு அளிக்கும் வரைவு விதிகளை 2025 மே மாதத்தில் அரசு வெளியிட்டது. பொதுச் சொத்தை விற்பதா, பொதுவில் விடுவதா என்ற இந்தக் கேள்வி 2ஜி காலத்துக் கேள்வியைவிடச் சிறியதன்று.

பூட்டும் பெயர்ப்பலகையும்

கைபேசியில் வரிசையாகத் தெரியும் வை-ஃபை பெயர்களுக்கு எஸ்.எஸ்.ஐ.டி. என்று பெயர். அது வீட்டு வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை மட்டுமே. யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் வைத்துக்கொள்ளலாம். விமான நிலையத்தின் பெயரிலேயே ஒரு வை-ஃபை தெரிந்தால் அது விமான நிலையத்தினுடையதுதான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பக்கத்து நாற்காலிக்காரரின் மடிக்கணினியாகவும் இருக்கலாம்.

பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருக்க வேண்டியது பூட்டு. தொடக்கத்தில் வந்த 'வெப்' என்ற மறையாக்க முறை 2001-லேயே ஆய்வாளர்களால் உடைக்கப்பட்டுவிட்டது. 2003-இல் 'டபிள்யூ.பி.ஏ.', 2004-இல் அதன் இரண்டாம் பதிப்பு, 2018-இல் மூன்றாம் பதிப்பு என்று பூட்டுகள் மாறின. நவி மும்பையில் பழைய பூட்டுகூட இருக்கவில்லை. கதவே திறந்து கிடந்தது. 2008 சம்பவங்களையடுத்து, 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை இணைய சேவை நிறுவனங்களுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. வை-ஃபை பயன்படுத்துபவரை அடையாளம் உறுதி செய்த பின்னரே அனுமதிக்க வேண்டும் என்பது அதன் சாரம். இன்று ரயில் நிலையத்தில் வை-ஃபை கேட்டால் கைபேசி எண்ணைக் கொடுத்து, குறுஞ்செய்தியில் வரும் எண்ணைப் பதிக்க வேண்டியிருப்பது அந்த மரபில் வந்ததே.

வீடுகளில் நிலைமை வேறு. இணைப்புக் கொடுக்க வரும் பணியாளர் வீட்டுக்காரரின் கைபேசி எண்ணையே கடவுச்சொல்லாக வைத்துவிட்டுப் போகும் வழக்கம் தலைநகரில் பரவலாக இருக்கிறது. என் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. அந்த எண் என் முகவரி அட்டையில் அச்சிடப்பட்டு இந்த நகரின் பாதி அலுவலகங்களில் கிடக்கிறது என்பது மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

எண்ணால் ஆன முகவரி

இணையத்தில் செய்தி முழுதாகப் பயணம் செய்வதில்லை. சிறு சிறு பொட்டலங்களாக உடைக்கப்பட்டு, ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அனுப்புநர் எண், பெறுநர் எண் எழுதப்பட்டு, கிடைத்த பாதையில் போய்ச் சேர்ந்து, அங்கே மீண்டும் ஒன்றாக்கப்படுகிறது. விண்ட் செர்ஃப், ராபர்ட் கான் என்ற இரு அமெரிக்கர்கள் 1974-இல் வெளியிட்ட கட்டுரையில் இதன் அடிப்படை வகுக்கப்பட்டது. பொட்டலத்தின் மேல் எழுதப்படும் அந்த எண்தான் ஐ.பி. முகவரி. எழுதும் முறையை வகுக்கும் விதித் தொகுப்பே இணைய நெறிமுறை, அதாவது 'இன்டர்நெட் புரோட்டோகால்'. இன்றும் பயன்பாட்டில் உள்ள அதன் நான்காம் பதிப்பு 1981-இல் வந்தது.

அந்தப் பதிப்பில் எழுதக்கூடிய மொத்த எண்கள் சுமார் 429 கோடி. 1981-இல் அது வற்றாத கடலாகத் தோன்றியது. 1995 ஆகஸ்ட் 15-இல் வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணைய சேவையைத் தொடங்கியபோதும் கவலைப்பட எதுவும் இருக்கவில்லை. 2011 பிப்ரவரியில் உலக அளவிலான பொதுக் கையிருப்பு தீர்ந்தது. 140 கோடியைத் தாண்டிய மக்கள்தொகை கொண்ட இந்தியா, மற்றவர்கள் எடுத்துக்கொண்ட பிறகு பந்தியில் அமர்ந்த நாடு.

எண் போதாதபோது என்ன செய்வது? அதற்கான உபாயத்தில்தான் நம் கதையின் முடிச்சு இருக்கிறது.

தில்லியில் சுற்றுச்சுவர் எழுப்பிய குடியிருப்பு வளாகம் ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். வெளியுலகுக்குத் தெரிந்தது வளாகத்தின் வாசல் முகவரி ஒன்றே. உள்ளே ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எண் இருக்கிறது; அந்த எண் வளாகத்துக்குள் மட்டும் செல்லும். பக்கத்து வளாகத்திலும் அதே எண்ணில் ஒரு வீடு இருக்கும். உள்ளிருந்து கடிதம் அனுப்பினால் வாசல் காவலாளி அதன் மேல் வாசல் முகவரியை எழுதி அனுப்புகிறார். எந்த வீட்டுக் கடிதம் என்பதைத் தம் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்கிறார். பதில் வந்தால் புத்தகத்தைப் பார்த்து உரிய வீட்டில் சேர்க்கிறார். நம் வீட்டு ரவுட்டர் செய்வது இந்தக் காவலாளி வேலையைத்தான். 192.168 என்று தொடங்கும் எண் நம் கைபேசியில் தெரிந்தால் அது உள்வீட்டு எண். தொழில்நுட்பத்தில் இந்த ஏற்பாட்டுக்கு 'நாட்' என்று பெயர்.

இணைய சேவை நிறுவனங்கள் இதையே பெரிய அளவில் செய்கின்றன. ஒரே பொது முகவரியை ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்தளிக்கின்றன. யார் எவர் என்று பிரித்தறிய உதவுவது 'போர்ட்' எண். வங்கியில் கொடுக்கும் டோக்கனைப் போன்றது அது. ஒரு முகவரியில் இத்தகைய 65,536 எண்கள் உண்டு. ஆகவே, ஒரு குறிப்பிட்ட கணத்தில் ஒரு முகவரியைப் பயன்படுத்தியவர் யார் என்று கேட்டால், முகவரியுடன் போர்ட் எண்ணும் நொடி பிசகாத நேரமும் தேவை. இவற்றில் ஒன்று குறைந்தாலும் நிறுவனம் தரும் விடையில் ஒரு பெயர் வராது; ஒரு கூட்டமே வரும். அல்லது தவறான பெயர் வரும்.

தவறான பெயர் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2007-லேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அப்போது பிரபலமாக இருந்த ஆர்குட் தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படம் வெளியிடப்பட்டதாகப் புணே காவல்துறை வழக்குப் பதிவு செய்தது. ஐ.பி. முகவரி பெறப்பட்டது. அந்த முகவரிக்கு உரிய வாடிக்கையாளர் யார் என்று இணைய சேவை நிறுவனத்திடம் கேட்கப்பட்டது. நிறுவனம் ஒரு பெயரைக் கொடுத்தது. ஆகஸ்ட் கடைசியில் பெங்களூரில் ஒரு மென்பொருள் பொறியாளர் கைது செய்யப்பட்டுப் புணேவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். ஐம்பது நாள்கள் சிறையில் இருந்தார். பின்னர்தான் அந்த ஐ.பி. முகவரி அவருடையதே அல்ல என்பது தெரிந்தது. அவர் வை-ஃபையைத் திறந்து வைக்கவில்லை. ஆர்குட்டில் எதையும் வெளியிடவும் இல்லை. பதிவேட்டில் ஒரு வரி பிசகியது, அவ்வளவே.

பதிவேட்டில் பிசகு எளிது. சாதாரண வாடிக்கையாளருக்குத் தரப்படும் ஐ.பி. முகவரி நிரந்தரமானதன்று. ரவுட்டரை அணைத்துப் போட்டால் மாறலாம். காலையில் ஒருவருக்கு இருந்தது மாலையில் இன்னொருவருக்குப் போகலாம். இதில் நேரக் குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. வெளிநாட்டு நிறுவனங்களின் பதிவேடுகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கின்றன. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கடிதப் போக்குவரத்தில் எந்த நேரம் என்று குறிப்பிட ஒரு காவல் நிலைய எழுத்தர் மறந்தால், ஐந்தரை மணி நேரம் தள்ளி அந்த முகவரியை வைத்திருந்த வேறொருவரின் பெயர் விடையாக வந்து நிற்கும்.

சிவாஜி படம் தொடர்பான வழக்கும் மும்பை மின்னஞ்சல்களும் ஒன்றையொன்று நிரப்புகின்றன. ஒன்றில் முகவரியே தவறு. மற்றதில் முகவரி சரி, ஆள் தவறு. விசாரணைக்கு ஐ.பி. முகவரி பயன்படாது என்று இதற்குப் பொருளில்லை. ஆமதாபாத் வழக்கில் 2022 பிப்ரவரியில் 49 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, 38 பேருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. புலனாய்வின் முதல் படியாக ஐ.பி. முகவரிக்கு மதிப்புண்டு. அதையே கடைசிப் படியாகக் கொள்ளும்போதுதான் ஐம்பது நாள் சிறை நேர்கிறது.

காஷ்மீரில் ஒரு பாடம்

ஒவ்வொரு கருவிக்கும் தயாரிப்பின்போதே பொறிக்கப்படும் எண் ஒன்றும் உண்டு. அதற்கு 'மேக்' எண் என்று பெயர். ஐ.பி. முகவரி மாறும் வீட்டு முகவரி என்றால், இது மச்சம் போன்ற அடையாளம். இந்தச் சொல் ஓர் அரசாணையிலேயே இடம்பெற்றது. 2019 ஆகஸ்டில் ஜம்மு-காஷ்மீரில் நிறுத்தப்பட்ட இணைய சேவை படிப்படியாகத் திரும்பியபோது, 2020 மார்ச் மாத உத்தரவு ஒன்று, கம்பி வழி இணைப்புகளை 'மேக் பிணைப்பு' நிபந்தனையுடன் வழங்கலாம் என்றது. அதாவது, பதிவு செய்த கருவியில் மட்டுமே அந்த இணைப்பு வேலை செய்ய வேண்டும். ஆனால் மச்சத்தை ஒட்டவும் முடியும், அழிக்கவும் முடியும். மேக் எண்ணை மென்பொருளால் மாற்றுவது பழைய வித்தை. அண்மைக்கால ஆண்ட்ராய்டு, ஐபோன் கருவிகள் பயனரின் அந்தரங்கம் கருதித் தாமாகவே வை-ஃபைக்கு வை-ஃபை வேறு வேறு மேக் எண்ணைக் காட்டுகின்றன.

அதற்கு முன் அங்கே இன்னொரு பரிசோதனையும் நடந்தது. இணையத்தைப் பயன்படுத்தும் பேச்சுரிமைக்கு அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவின் பாதுகாப்பு உண்டு, காலவரையற்ற நிறுத்தம் கூடாது என்று 2020 ஜனவரி 10-இல் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அடுத்த சில நாள்களில் 2ஜி வேகத்தில் இணையம் வந்தது. அனுமதிக்கப்பட்ட தளங்களின் பட்டியலில் உள்ளவை மட்டும் திறக்கும். முதல் பட்டியலில் 153 தளங்கள், பின்னர் 301.

பட்டியலில் இருந்த தளங்கள் பலவும் சரியாகத் திறக்கவில்லை. காரணம் டி.என்.எஸ். பற்றி அறிந்தவர்களுக்கு எளிதில் விளங்கும். நாம் எழுத்தில் தட்டும் தளப் பெயரை ஐ.பி. எண்ணாக மாற்றித் தரும் தொலைபேசிக் கையேடு போன்ற ஏற்பாடு அது. ஒரு செய்தித் தளத்தைத் திறக்கும்போது அதன் எழுத்து ஓரிடத்திலிருந்தும், படம் வேறோரிடத்திலிருந்தும், காணொளி மூன்றாவது இடத்திலிருந்தும் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் வேறு பெயர், வேறு முகவரி. பட்டியலில் முதல் பெயரை மட்டும் எழுதினால் தலை மட்டும் உள்ளே வரும், உடல் வாசலில் நிற்கும். பட்டியல் தயாரித்தவர்கள் கடைப் பலகையைப் பார்த்தார்கள். சரக்கு எந்தக் கிடங்குகளிலிருந்து வருகிறது என்பதைப் பார்க்கவில்லை. அங்கே 4ஜி வேகம் முழுமையாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில்.

சுரங்கப் பாதையும் கடிகாரமும்

பட்டியலைத் தாண்ட மக்கள் நாடியது வி.பி.என். வழியை. நம் கருவியிலிருந்து வேறோர் ஊரில், பெரும்பாலும் வேறு நாட்டில் உள்ள கணினி வரை மறையாக்கம் செய்யப்பட்ட சுரங்கப் பாதை ஒன்றை அது அமைக்கிறது. நடுவில் இருக்கும் சேவை நிறுவனத்துக்குச் சுரங்கத்தின் வாய் மட்டுமே தெரியும். பார்க்கப்படும் தளத்துக்குத் தெரிவது அந்த வெளியூர்க் கணினியின் ஐ.பி. முகவரி. வங்கிகளும் மென்பொருள் நிறுவனங்களும் தம் ஊழியர்களுக்கு அன்றாடம் வழங்கும் ஏற்பாடுதான் இது. பயன்படுத்துவோரெல்லாம் ஒளிந்து திரிபவர்கள் என்று கொள்வது தவறு.

2022 ஏப்ரல் 28-இல் மத்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான 'செர்ட்-இன்' ஓர் உத்தரவு பிறப்பித்தது. வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, அவருக்கு அளித்த ஐ.பி. முகவரிகள் ஆகியவற்றை ஐந்து ஆண்டுகளுக்குப் பாதுகாக்க வேண்டும் என்றது. பதிவேடே வைப்பதில்லை என்பதையே விற்பனைச் சரக்காகக் கொண்டிருந்த வெளிநாட்டு நிறுவனங்கள் சில, இந்தியாவிலிருந்த தம் சர்வர்களை அகற்றிக்கொண்டன. அந்த விவாதத்தில் எல்லோரும் வி.பி.என். பற்றியே பேசினர். அதே உத்தரவில் இருந்த வேறொரு வரி கவனம் பெறவில்லை. எல்லா நிறுவனங்களும் தம் கணினிகளின் கடிகாரத்தை தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்துடன் பொருத்த வேண்டும் என்பது அது. சில நிறுவனங்களுக்கு அது நடைமுறைச் சிக்கலாக இருந்தது உண்மை. ஆயினும், ஒரு நிமிடப் பிசகு ஓர் அப்பாவியின் பெயரைக் கொண்டுவந்து நிறுத்தக்கூடிய உலகில், உத்தரவு முழுவதிலும் குடிமகனுக்குப் பயன்படக்கூடிய வரி அதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

அவையில் நடந்தது

இத்தனை நுணுக்கங்களுக்கும் மேலே நிற்பது சட்டம். 2008-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பத் திருத்த மசோதா, மும்பைத் தாக்குதல் நடந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், டிசம்பர் 22-இல் மக்களவையில் விவாதமின்றி நிறைவேறியது; மறுநாள் மாநிலங்களவையும் ஒப்புதல் அளித்தது. அப்போது தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்தவர் ஆ. ராசா. இணையப் பதிவுகளுக்காகக் கைது செய்ய வழிவகுத்த 66ஏ பிரிவும், கணினித் தகவல்களை இடைமறிக்கும் அதிகாரத்தை விரிவுபடுத்தும் பிரிவுகளும் அதில் இருந்தன. 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ய 2015 மார்ச் 24 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவையில் ஒரு மணி நேரம் விவாதம் நடந்திருந்தால் அந்த ஆறு ஆண்டுகள் மிச்சமாகியிருக்குமா என்று சொல்ல முடியாது. விவாதம் நடக்கவில்லை என்பது மட்டும் அவைக் குறிப்பில் இருக்கிறது.

2023 டிசம்பரிலும் ஏறத்தாழ அதே காட்சி, ஆட்சி மட்டும் வேறு. 1885-ஆம் ஆண்டு தந்திச் சட்டத்துக்கும் 1933-ஆம் ஆண்டு கம்பியில்லாத் தந்திச் சட்டத்துக்கும் மாற்றாகக் கொண்டுவரப்பட்ட தொலைத்தொடர்பு மசோதா, டிசம்பர் 20-இல் மக்களவையிலும் 21-இல் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. இரு அவைகளிலுமாக எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 140-க்கும் மேற்பட்டோர் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த வாரம் அது. எது தொலைத்தொடர்பு சேவை, எது செய்தி, சேவையை எப்போது நிறுத்தலாம் என்று வரையறுக்கும் சட்டம், கேள்வி கேட்க வேண்டிய இருக்கைகள் காலியாக இருந்தபோது நிறைவேறியது.

முகவரிப் பஞ்சத்துக்கு இப்போது தீர்வு வந்துவிட்டது. இணைய நெறிமுறையின் ஆறாம் பதிப்பில் உள்ள முகவரிகளின் எண்ணிக்கை 39 இலக்க எண். ஒவ்வொரு மின்விசிறிக்கும் தனி முகவரி கொடுத்தாலும் தீராது. தொலைத்தொடர்புத் துறை 2010-இல் இதற்கான முதல் வழிகாட்டுத் திட்டத்தை வெளியிட்டது. 2016-க்குப் பின் செல்பேசி இணையம் பெருகிய வேகத்தில், ஆறாம் பதிப்பைப் பயன்படுத்துவதில் இந்தியா உலகின் முன்னணி நாடுகளில் ஒன்றாகிவிட்டது. பகிர்ந்த முகவரியால் வரும் ஆள்மாறாட்டக் குழப்பம் இதனால் குறையும். அதே காரணத்தால், ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே பின்தொடர்வதும் எளிதாகும் என்ற அச்சமும் இருக்கிறது. அதற்காகவே ஆறாம் பதிப்பு முகவரியின் பின்பாதியைக் கருவிகள் அடிக்கடி மாற்றிக்கொள்ளும் ஏற்பாடும் வந்துள்ளது.

2020 டிசம்பர் 9-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'பி.எம்.-வாணி' திட்டத்தில், தேநீர்க் கடைக்காரரோ மளிகைக் கடைக்காரரோ உரிமமும் கட்டணமும் இன்றிப் பொதுத் தரவு அலுவலகம் ஒன்றை நடத்தலாம். பழைய எஸ்.டி.டி. பூத்தின் வாரிசு என்று இதைச் சொல்லலாம். கடைக்காரர் வை-ஃபை வைக்கிறார்; வாடிக்கையாளர் தம் கைபேசிச் செயலியில் அடையாளத்தை உறுதி செய்துகொண்டு சில ரூபாய்க்கு இணையம் வாங்குகிறார். யார் எப்போது பயன்படுத்தினார் என்ற கணக்கு, கடைகளை ஒருங்கிணைக்கும் நிறுவனத்திடம் இருக்கும். வெளியுலகுக்குத் தெரியும் ஐ.பி. முகவரி கடையின் இணைப்பினுடையது. நாளை அந்தக் கடையிலிருந்து ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போனால், காவலர் முதலில் வந்து நிற்கப்போவது கடைக்காரரின் முன்னால்தான். அந்த நிமிடத்துக்குரிய பதிவு ஒருங்கிணைக்கும் நிறுவனத்திடம் இருக்கிறது என்பது, அடுப்பில் பால் வைத்துவிட்டு நிற்கும் கடைக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும், வந்து நிற்கும் காவலருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.